வாடைக் காலத்தில் வாய் திறவாத வண்டி

மட்டக்களப்பிலும் குளிரா என்று மலைநாட்டார் நகைக்கக்கூடும். மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதிலும் வாவிக் கரையில் வெப்பமானி 23 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும் அந்நாட்களிலேதான் புளியந்தீவிலும் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் பழைய மோட்டார் வண்டிகள் அடம் பிடிக்கின்றன. படுவான்கரையிலிருந்து பிரசவ வேதனையோடு ஒருத்தியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய வேளையில் வண்டி வாய் திறவாதிருப்பின், அது நகைப்புக்குரிய செய்தியன்று.

குளிர் நாட்டார் இதற்கு மூன்று காரணங் கூறுவர். பற்றரியினுள் நிகழும் இரசாயன வினை குளிரில் தளர்ந்துவிடும்; நீர் உறையும் நிலையில் அதன் வலு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். எஞ்சின் எண்ணெய் தடித்துவிடும். பெற்றோல் எளிதில் ஆவியாகாது. இம்மூன்றும் உண்மையே. ஆனால் இம்மூன்றில் எதுவும் நமது வாவிக் கரையை உண்மையாகத் தீண்டுவதில்லை. இங்கே வண்டியை மடக்குவன ஈரமும் உப்பும். அவற்றோடு, எவரும் ஐயுறாத ஒன்று, கோடை வெயில்.

வெயிலா என்று வியக்க வேண்டாம். பற்றரியின் ஈயத் தகடுகளை அரிப்பது குளிரன்று, வெப்பமே. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் தகடுகள் உள்ளூரத் தேய்கின்றன. அமிலத்திலுள்ள நீரும் வற்றுகின்றது. அப்போது வண்டி எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். கார்த்திகை பிறந்து, விளக்கும் மழைத்துடைப்பானும் இடைவிடாது இயங்கி மின்சாரத்தை உறிஞ்சத் தொடங்கியதும், அதுவரை மறைந்திருந்த நலிவு வெளிப்படுகின்றது. கச்சானில் செத்ததை வாடையிலே கண்டுபிடிக்கிறோம்.

எனினும், வண்டி கிளம்பாத மறுகணமே கடைக்கு ஓடிப் புதிய பற்றரி வாங்குவோரைக் கண்டு இரங்கவே வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு அது சிறிய தொகையன்று. முதலிற் செய்ய வேண்டியது செவிகொடுத்துக் கேட்டல். பாடும் மீனின் ஓசையைக் கேட்பதற்குத் துடுப்பை நீரில் ஊன்றி அதன் முனையைக் காதோடு வைப்பார்களே, அத்தகைய பொறுமை இங்கும் வேண்டும். ஸ்டாட்டர் முக்கி முனகி மெல்லச் சுழல்கிறதா? அப்படியாயின் குற்றம் பற்றரியிலோ அதன் இணைப்புகளிலோ உள்ளது. விறுவிறுப்பாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையா? பற்றரியை விட்டுவிடுக, மின்பொறியை அல்லது பெற்றோலைத் தேடுக.

முதல் வகையில், நமது பகுதியில் நான் அதிகம் சந்தேகிப்பது இணைப்புகளையே. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். இரு புறத்திலிருந்தும் உப்புக் காற்று வந்து, பற்றரி முனைகளிலே பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் பூஞ்சணத்துக்குத் துணை செய்கிறது. முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு ஸ்டாட்டரை இயக்கிப் பார்த்தால் விளக்கு அடியோடு மங்கும். முனைகளைக் கழற்றி, அப்பஞ் சுடும் வீட்டிலே என்றும் இருக்கும் அப்பச்சோடாவை வெந்நீரிற் கரைத்துக் கழுவி, உலர்த்திச் சுரண்டி, இறுக்கிப் பூட்டியபின் வசலீன் பூசிவிட்டால் பாதி வண்டிகள் எழுந்துவிடும். சோடா நீர் பற்றரியின் அறைகளுக்குள் இறங்கலாகாது. எஞ்சினை வண்டியுடலோடு பிணைக்கும் மின்பட்டியையும் அவ்வாறே துலக்குக. அதை நினைப்பவர் மிகச் சிலர். அதன் பின்னரும் ஐயமிருப்பின் அளவுமானியை வைத்துப் பார்க்கலாம். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். ஸ்டாட்டர் சுழலும்போது 9.5க்குக் கீழே விழுமாயின் அதன் காலம் முடிந்தது எனலாம். இருட்டிலே தீக்குச்சி கிழித்துப் பற்றரியைப் பார்ப்பது மட்டும் கூடாது. அதிலிருந்து எழும் ஐதரசன் வாயு வெடிக்கும்.

இரண்டாம் வகைதான் மழைக்காலத்துக்கே உரியது. 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்திலே செய்யப்பட்டு, இன்றும் இலங்கைத் தெருக்களில் உலவும் மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் டிஸ்ரிபியூற்றர் மூடியினுள் இரவிலே ஈரம் படியும். பல்லாயிரம் வோல்ற் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே நழுவிவிடும். விடியுமுன் இருளில் மூடியைத் திறந்து, ஒருவரை ஸ்டாட்டரை இயக்கச் சொல்லிப் பார்த்தால், வெடித்துப்போன ரப்பர்க் கம்பிகளின்மீது நீலப் பொறிகள் பூச்சிபோல் ஊர்வதைக் காணலாம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து அடுப்பங்கரைச் சூட்டிலே சிறிது நேரம் வைத்தால் போதும். உட்புறத்தில் மயிரிழைபோற் கரிக்கோடு ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, வேறு மூடிதான்.

பெற்றோல் தட்டுப்படுகிறதா என அறிவதும் எளிது. திறப்பைத் திருப்பியதும் மின்பம்பு ‘டிக், டிக்’ என்று சில தடவை ஒலித்து அடங்க வேண்டும். பெற்றோல் மணம் மிஞ்சினால் பிளக்குகள் நனைந்துவிட்டன என்பது பொருள். சோக்கை உள்ளே தள்ளி, மிதியை முழுதும் அழுத்திச் சுழற்ற வேண்டும்.

எரிபொருள் ஆவியாகாமை என்னும் இடரை வாவிக் கரை அறியாவிடினும் யாழ்ப்பாணம் நன்கறிந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டபோது, ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும்; மண்ணெண்ணெய்க்கோ 38 பாகைக்கு மேலாவது சூடு வேண்டும். எனவே குளிர்ந்த எஞ்சினுக்குச் சில துளி பெற்றோலை ஊட்டி எழுப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எந்தப் பாடநூலிலும் நான் காணாத தெளிவு அந்த ஏழ்மையின் உபாயத்தில் உண்டு.

மெய்யான குளிர் வேண்டுமெனில் செங்கலடியிலிருந்து பதுளைத் தெருவிலேறி நுவரெலியாவுக்குப் போக வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரில் தை மாதத்து விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. அங்கே போகுமுன் தடித்த ஒற்றைத் தர எண்ணெயை மாற்றி 20-50 என்னும் இரட்டைத் தர எண்ணெய் இடுக. இரவில் வண்டியைச் சரிவு நோக்கி நிறுத்துக, சில்லுக்குக் கல் அணைக்க மறவாமல். கைப்பிடியாற் சுழற்றுவதானால் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்க; 1912இல் கடிலாக் வண்டியில் மின் ஸ்டாட்டர் வருமுன் கைமுறிந்தோர் பலர். வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் இரவல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: பழைய மொறிசில் நேர்முனையே வண்டியுடலோடு பிணைந்திருக்கும், இக்கால வண்டிகளில் எதிர்முனை. நேரை நேரோடும் எதிரை எதிரோடும் மாத்திரம் இணைத்து, இரு வண்டிகளின் உடல்களும் ஒன்றையொன்று தொடாதபடி தள்ளி நிறுத்துக.