கலைஞனின் பணிக்கூடம்: பினாங்குக் கடைவீடும் சோழமண்டலமும்

தமிழ் இலக்கியத்தில் ஓவியம் பற்றிய செய்திகளைத் தொகுக்க முற்படுவோர் ஓர் உண்மையை விரைவில் உணர்வர். ஓவியம் காணப்பட்ட இடங்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஓவியன் தனக்கென வைத்திருந்த அறையின் பெயர் கிடைப்பது அரிது. பரிபாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைச் சுட்டுகிறது. பாண்டிய மன்னன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றே அறியப்படுகிறான். அச்சித்திரங்களை எழுதியவன் எங்கே அமர்ந்து வண்ணம் குழைத்தான் என்பது பற்றி நாம் அறிவது குறைவு. கொல்லனின் நிலை வேறு. அவனது உலைக்களமும் துருத்தியும் சங்கப் பாடல்களில் உவமையாகப் பலமுறை இடம்பெறுகின்றன. சுவரோவியனுக்குச் சுவரே பணியிடம். வேலை முடிந்ததும் அவன் அடுத்த சுவருக்குச் சென்றுவிடுவான். உலையோ இடம்பெயராதது. எனவே தனக்கென ஒரு பணிக்கூடம் பெற்ற கலைஞனைத் தமிழ் மரபில் தேடினால், முதலில் பட்டறையிலேயே அவனைக் காண்போம் எனலாம்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கப் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை ஏற்ற இடமாகும். பிட் தெரு என முன்னர் வழங்கிய இச்சாலையைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகவே நம் பாடநூல்களும் சுற்றுலா ஏடுகளும் காட்டி வந்துள்ளன. 1801இல் காதர் மொஹிதீன் நிறுவிய பள்ளிவாசல், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், அருகே குயின் தெருவில் 1833இல் நிறுவப்பட்ட மகாமாரியம்மன் ஆலயம் என அப்பட்டியல் நீளும். பட்டியல் சரியே. ஆயினும் வழிபாட்டிடங்களுக்கு இடையே உள்ள கடைவீடுகளை அது தாண்டிச் சென்றுவிடுகிறது. இந்திய முஸ்லிம்களின் பணமாற்றுக் கடைகளும் நகைக்கடைகளும் இச்சாலையின் அடையாளங்களுள் அடங்கும். இதனை வந்தடையும் ஆர்மீனியன் தெருவுக்கு ஹொக்கியன் மொழியில் வழங்கும் பெயரே செம்புக்கொட்டிகள் தெரு எனப் பொருள்படுவது.

கடைவீட்டின் முகப்பு குறுகியது. உள்ளே நீளம் மிகுதி. முன்னே அஞ்சடி நடைபாதை, நடுவே வானம் தெரியும் முற்றம், மேல்மாடியில் குடும்பம். ஐரோப்பிய ஓவியர் வடக்கு நோக்கிய சாளரத்தை விரும்புவர். அங்கு அத்திசையில் நேர்வெயில் படாது, நாள் முழுதும் ஒளி மாறாது நிற்கும். பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உள்ளது. ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் ஞாயிறு இங்கு வடபுறமே சாய்ந்து நிற்கும். ஆகவே ஐரோப்பிய விதி இங்கே ஆண்டில் ஐந்து திங்கள் பொய்த்துவிடுகிறது. அஞ்சடியின் நிழலும் முற்றத்துச் சுவர்களில் பட்டு இறங்கும் வெளிச்சமும் அக்குறையைத் தீர்க்கின்றன. எந்த ஓவியக் கல்லூரியும் வகுத்துத் தராத பணிக்கூடம் இது.

இவ்வொளியில் அமர்ந்து தொழில் செய்யும் பத்தரை எண்ணிப் பார்க்கலாம். தாழ்ந்த பலகை, சிறு பட்டடை, ஊதுகுழல், சாமணம், கம்பி இழுக்கும் அச்சு ஆகிய யாவும் எழாமலே கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும். அராவும்போது உதிரும் பொன்துகள் வீணாகாதபடி பலகையடியில் ஏந்தப்படும்; தரைத்தூசியும் கூட்டி வைக்கப்பட்டுப் பின்னர் அதிலிருந்து பொன் பிரித்தெடுக்கப்படும். அவ்வறையில் மின்விசிறி சுழலாது; சுழன்றால் சுடரும் கலையும், துகளும் பறக்கும். வெளியே மிதிவண்டி மணியும் தொழுகை அழைப்பும் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் மூச்சை அடக்கிப் பொடி வைத்து ஊதுகிறார். பணிக்கூடத்தின் தனிமை என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தெருவை விட்டு விலகாமலே கிடைக்கும் தனிமை இது.

ஆயின் இத்தனிமை ஒரு சட்டத்தையும் சார்ந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1948ஆம் ஆண்டு ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. ஜார்ஜ் டவுனில் இத்தகைய கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அக்காப்பு இல்லாமற் போயிற்று. குறைந்த வாடகையில் தலைமுறையாக ஒரே அறையில் தொழில் செய்தோர் பலர் வெளியேறினர். கட்டடங்கள் சிதையக் குறைந்த வாடகையும் ஒரு காரணம் என்பர். அதில் உண்மை உண்டு. எனினும் 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, அம்மரபை உருவாக்கிய கைகளுள் பல அங்கில்லை. 2012இல் ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தைக் காணப் பெருந்திரள் வந்தது. சுவரோவியன் மீண்டும் தெருவுக்கு வந்தான், பட்டறைக்காரர் போய்விட்டார்.

இதே சிக்கலைச் சென்னை ஓவியர்கள் எதிர்கொண்ட விதம் நம் கவனத்திற்குரியது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த இளைஞர் பிழைப்பிற்காகக் கலையைக் கைவிடுவதைக் கண்டார். ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணி, தோற்பொருள் முதலியவற்றைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினர். முதலில் எழுந்தவை ஓலைக் கொட்டகைகள். பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் மகன் சிற்பி எஸ். நந்தகோபால் 2017இல் மறையும் வரை அக்கிராமத்தில் உலோகத்தோடு உழைத்தார். மெழுகும் சாயமும் கொண்டு துணியில் எழுதும் பாத்திக் நம் மலாய் உலகிற்குரிய கலை என்பதும், சென்னை ஓவியருக்கு அது நிலம் வாங்கித் தந்தது என்பதும் மலேசிய வாசகர் மகிழத்தக்க செய்தி.

அக்காலத்தில் அக்கல்லூரியில் பயின்றவர்களுள் நம் நாட்டு ஓவியர் சையட் தாஜுடின் ஒருவர். 1943இல் இராமநாதபுரம் பகுதியின் அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். (பழந்துறைமுக அகழாய்வால் தமிழாய்வாளர் அறிந்த ஊரே அது.) 1970களின் தொடக்கத்தில் அவர் தீட்டிய இராமாயண ஓவியங்கள், தமிழ் முஸ்லிம் மரபில் வந்த ஒருவரின் கண் வழியே அக்காப்பியத்தைக் காட்டுகின்றன. இவருக்கு முந்திய பினாங்கு ஓவியர் தம் கூடத்திற்கான செலவை வேறு வழிகளில் ஈட்டினர். யோங் முன் சென் ஒளிப்படக் கூடம் நடத்தினார். அப்துல்லா அரிஃப் ஆசிரியப் பணி செய்தார். இருவரும் மறைந்தது 1962இல்.

தமிழாசிரியர்கள் மாணவரை இச்சாலைக்கு அழைத்து வரும்போது, கோபுரத்தையும் மினாரையும் காட்டிய பின், அஞ்சடியில் சற்று நின்று எஞ்சியிருக்கும் பட்டறைக்குள் நோக்கச் சொல்லலாம். பத்தரிடம் கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதினாலே அகராதியில் எளிதில் அகப்படாத சொற்கள் சில கிடைக்கும். அறைக்கு வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் அதே ஏட்டில் குறித்துக்கொள்வது நன்று.