நிலநடுக்கோட்டுப் பனி ஏன் கரைகிறது? பாப்புவா மலை சொல்லும் கணக்கு

நம் நாட்டைப் போலவே ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் கொண்ட நிலநடுக்கோட்டுப் பகுதியில் பனி மலை ஒன்று இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1623-ஆம் ஆண்டில் டச்சு மாலுமி யான் கார்ஸ்டென்ஸ் கப்பலிலிருந்து அந்தப் பனியைக் கண்டு எழுதியபோது ஐரோப்பாவிலும் யாரும் நம்பவில்லை. கேலிதான் செய்தார்கள்.

அவர் கண்டது உண்மை. நியூ கினி தீவின் இந்தோனேசியப் பகுதியான பாப்புவாவில் 4,884 மீட்டர் உயரத்தில் நிற்கும் புஞ்சாக் ஜெயா மலையில் பனி இருந்தது. மேற்கு பசிபிக் வெப்பமண்டலத்தில் எஞ்சியிருக்கும் கடைசிப் பனியும் அதுதான். ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் அது முற்றிலும் மறைந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கணித்துள்ளனர்.

பூமி சூடானால் பனி உருகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அது எப்படி உருகுகிறது, ஏன் சில இடங்களில் இவ்வளவு விரைவாக அழிகிறது என்பதையும் அறிந்துகொள்வது அவசியம்.

வரவும் செலவும்

மலை உச்சியில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் படிந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகிறது. தடிமன் கூடியதும் அது சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. பார்வைக்குப் பாறைபோல் அசையாமல் இருந்தாலும் உண்மையில் அது மிக மெதுவாக ஓடும் ஆறு. அதனால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர்.

பனியாற்றை ஊழியர் சேமநிதிக் கணக்கோடு ஒப்பிடலாம். உச்சியில் விழும் புதுப் பனி வரவு. கீழ்ப்பகுதியில் உருகி ஓடும் நீர் செலவு. இரண்டும் சமமாக இருக்கும்வரை பனியாறு அதே அளவில் நிற்கும். செலவு மிஞ்சினால் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த முதலையே எடுத்துச் சாப்பிடும் நிலை வரும்.

பனியாற்றில் வரவு மிகும் மேற்பகுதிக்கும் செலவு மிகும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்று சூடாகும்போது இந்தக் கோடு மேலே ஏறுகிறது. பொதுவாக வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கோடு 150 மீட்டர் வரை ஏறக்கூடும். உயரமான மலையில் அதற்கு மேலும் இடமிருப்பதால் பனியாறு சுருங்கி, உச்சிப் பக்கமாகப் பின்வாங்கி உயிர் பிழைத்துக்கொள்ளும். கோடு மலை உச்சியையே தாண்டிவிட்டால் எங்குமே வரவு மிஞ்சாது. அதன்பின் அந்தப் பனியாறு பிழைக்க வழியில்லை. பாப்புவாவில் நடந்திருப்பது இதுதான்.

பனிக்குப் பதில் மழை

குளிர்நாட்டுப் பனியாறுகளுக்குக் குளிர்காலம் என்ற ஓய்வு உண்டு. வெப்பமண்டலப் பனியாறுகளுக்கு அது இல்லை. பன்னிரண்டு மாதமும் அவை உருகிக்கொண்டே இருக்கும். உச்சியில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே இருப்பதால் சிறிதளவு கூடினாலும் பனியாக விழவேண்டியது மழையாக விழுகிறது.

இதில் இரட்டை நட்டம். ஒன்று, வரவு நின்றுபோகிறது. மற்றொன்று, பாதுகாப்பும் போகிறது. புதுப் பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அந்த வெள்ளைப் போர்வை இல்லாவிட்டால் அடியிலுள்ள அழுக்கேறிய பழைய பனி வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். ஓரங்களில் வெளிப்படும் கரும்பாறையும் சூடாகி, பக்கத்திலுள்ள பனியை உருக்கும். பனி குறையக் குறைய உருகும் வேகம் கூடுவது இதனால்தான்.

அளவுகள் காட்டும் உண்மை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புஞ்சாக் ஜெயா வட்டாரத்தில் ஏறத்தாழ 19 சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2002-இல் அது சுமார் 2 சதுர கிலோமீட்டராகவும் 2018-இல் அரை சதுர கிலோமீட்டருக்கும் கீழாகவும் சுருங்கியது.

2010-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானி லோனி தாம்சனின் குழு இந்தோனேசிய வானிலைத் துறையுடன் சேர்ந்து அங்கே துளையிட்டது. அடிப்பாறை வரை பனியின் தடிமன் 32 மீட்டர். அடுத்த சில ஆண்டுகளில் அது ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் மெலிந்தது. 2015-2016 எல் நினோ காலத்தில் மெலியும் வேகம் ஏறத்தாழ ஐந்து மடங்கானது. 2016 ஏப்ரலில் கடும் வெப்பத்தால் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணமும் அதே எல் நினோதான்.

மலைக்கு அருகே பெரிய தங்க, செம்புச் சுரங்கம் இருப்பதால் அதுதான் காரணமோ என்ற கேள்வி எழுவதுண்டு. ஆனால் சுரங்கப் பணிகள் தொடங்கியது 1970-களில். பனி பின்வாங்கத் தொடங்கியது அதற்கு நெடுங்காலம் முன்பே. சுரங்கமே இல்லாத திரிக்கோரா மலையின் பனி 1962-க்குள் மறைந்துவிட்டது. தொடக்கக்காலப் பின்வாங்கலில் இயற்கைக்கும் பங்கு உண்டு. அண்மைப் பத்தாண்டுகளின் வேகத்துக்கு முதன்மைக் காரணம், மனிதர் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் ஏறிய வெப்பமே.

நமக்கு என்ன?

சபாவின் கினபாலு மலையிலும் ஒரு காலத்தில் பனி இருந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பனியுகத்தில் பனிக்கட்டி தேய்த்து வழவழப்பாக்கிய கருங்கல்லை அதன் உச்சிப் பகுதியில் இன்றும் காணலாம். 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, பூமி சூடானதும் தன் பனியை முழுவதும் இழந்தது. அதைவிட 800 மீட்டர் உயரமான பாப்புவா மலைக்கு இப்போது அதே முடிவு நெருங்குகிறது.

மலையடிவாரத்தில் வாழும் அமுங்மே பூர்வகுடியினருக்கு அந்தச் சிகரம் அன்னையின் தலை. அவர்களைப் பொறுத்தவரை பனி கரைவது வழிபாட்டுக்குரிய ஒன்று கண்முன்னே அழிவதாகும்.

பாப்புவாவின் பனி மிகச் சிறியது. அது உருகுவதால் மட்டும் கடல் உயராது. உலகப் பனியாறுகள் எல்லாம் சேர்ந்து 2000 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்துள்ளன. இதனால் மட்டும் கடல்மட்டம் சுமார் 18 மில்லிமீட்டர் உயர்ந்தது. கேரித் தீவு போன்ற தாழ்வான கடலோரத் தோட்டங்களில் மண்கரைதான் கடல் நீரைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கு வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு தொலைதூரச் செய்தி அல்ல.

பெரிய பனியாறுகள் வெப்பத்துக்கு ஈடுகொடுத்துச் சுருங்கி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று புகையை நிறுத்தினாலும் அவை இன்னும் சில காலம் சுருங்கவே செய்யும். ஆனால் இமயம் போன்ற உயர்ந்த மலைகளில் எல்லைக்கோடு இன்னும் உச்சியைத் தாண்டவில்லை. அங்கே எவ்வளவு பனி மிஞ்சும் என்பது இனி வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறது என்பதைப் பொறுத்தது. பாப்புவாவில் துளையிட்டு எடுத்த பனித்தூண்கள் ஓஹாயோவில் குளிர்ப்பெட்டியில் காக்கப்படுகின்றன. மலையில் இருப்பது கரைந்தபின் அந்தப் பனி அங்கு மட்டுமே இருக்கும்.