ராபியாவின் வீடும் எங்கள் வீடும்

முஸ்லிம் பெண்களின் வீட்டு வாழ்க்கையை ஒரு முஸ்லிம் பெண்ணே விரிவாக எழுதிய தமிழ் நாவல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. இது 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. சல்மா தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். பருவமடைந்ததும் அவரது பாடசாலைப் படிப்பு நின்றது. திருமணத்தின் பின்னர் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிப் புனைபெயரில் வெளியிட்டார். 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவியாகத் தெரிவானார்.

நாவலில் ராபியா என்னும் சிறுமி இரகசியமாகப் படம் பார்க்கப் போகின்றாள். அதற்காக உம்மாவிடம் அடி வாங்குகின்றாள். வஹிதா, பெரியவர்கள் பேசிமுடித்த மாப்பிள்ளையை மணந்து மாமியார் வீடு செல்கின்றாள். பிர்தவ்ஸ், கணவனை வேண்டாமென்று மறுத்துத் தாய்வீடு திரும்புகின்றாள். மூவரும் மரபைப் பழிப்பவர்கள் அல்லர். தம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே அவர்களின் துயரம்.

எமது கிழக்குக் கரையில் நிலைமை வேறு. இங்கே பெண் புகுந்த வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகின்றார். வீடும் பெண்ணுக்கே எழுதப்படுகின்றது. வஹிதாவுக்குக் கிடைக்காத பலம் இது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவதற்கே பல வாப்பாமாரின் ஆயுள் கரைகின்றது.

எனக்கான வீட்டின் சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கின்றது. அடுத்த வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதவேண்டும். வகுப்புகளுக்குப் போகும் காசில் சீமெந்து வாங்கலாமே என்று உறவினர் சொல்கின்றனர். வாப்பா பதில் சொல்வதில்லை. என்னிடமும் எவரும் கேட்கவில்லை.

ஒருநாள் உம்மாவுக்கு ராபியாவின் கதையைச் சொன்னேன். அடித்த உம்மாவை அவ ஏசுவா என்று நினைத்தேன். "அந்த உம்மாக்கும் பயம் இருந்திருக்கும் மகள்" என்றா. பிறகு, "நீ என்ன படிக்கப் போறாய்?" என்று கேட்டா. முதன்முறையாகக் கேட்டா.

பல்கலைக்கழகம் போகவேண்டும், வீடு மெதுவாக எழும்பட்டும் என்றேன். அதை வாப்பாவிடம் என்னையே சொல்லச் சொன்னா. சொன்னேன். வாப்பா இன்னும் யோசிக்கின்றார்.

மரபும் சுதந்திரமும் எப்போதும் பகையல்ல. எமக்கு வீடு தருவது மரபு. அதற்குள் எமது சொல்லுக்கும் இடம் வேண்டும். சகோதரிகளே, கேட்கும்வரை காத்திராமல், மரியாதையோடு நாமே சொல்லத் தொடங்குவோம்.