பாராலீகல் கல்வி

பாராலீகல் கல்வி என்பது வழக்கறிஞர் அல்லாத ஒருவரைச் சட்டப் பணிகளில் உதவி செய்யத் தயார்ப்படுத்தும் படிப்பு ஆகும். அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் இது சான்றிதழ், பட்டயம், இளநிலைப் பட்டம் ஆகிய நிலைகளில் கற்பிக்கப்படுகிறது. பல கல்வி நிறுவனங்கள் இதனை இணையவழியிலும் வழங்குகின்றன. இந்தியாவில் 'பாராலீகல்' என்ற சொல் பெரும்பாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் கீழ் பணியாற்றும் தன்னார்வத் தொண்டரைக் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குவதால் மாணவரிடையே குழப்பம் ஏற்படுகிறது. குடும்பத்தின் சேமிப்பைச் செலுத்திச் சேர்ந்தவர், அந்தப் பட்டம் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையைத் தராது என்பதைப் படித்து முடித்த பின்னர் அறிய நேரலாம். இக்கட்டுரை இக்கல்வியின் தன்மையையும் இந்தியாவில் அதற்குள்ள எல்லையையும் பட்டு நெசவு நகரமான காஞ்சிபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பணியும் பாடங்களும்

பாராலீகல் பணியாளர் வழக்கறிஞரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். வழக்குக்கான ஆவணங்களைத் திரட்டுதல், முன்தீர்ப்புகளைத் தேடுதல், மனுக்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் முதல் வரைவு எழுதுதல், வாய்தாத் தேதிகளைக் கண்காணித்தல், கட்சிக்காரரிடம் விவரம் கேட்டுக் குறித்தல் ஆகியவை இவருடைய வேலைகள். கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும் அவர் சார்பில் வாதாடுவதும் பொதுவாக இவருக்கு அனுமதிக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் இத்துறையின் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கும் 120 மதிப்பலகுகளுக்கும் உரியது. சட்ட ஆய்வு, சட்ட வரைவு, உரிமையியல் நடைமுறை, ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், குடும்பச் சட்டம், தொழில் நெறிமுறை ஆகியவை முதன்மைப் பாடங்களாக அமையும். மீதிப் பகுதியில் மொழி, கணினி, சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள் இடம்பெறும்.

பிற நாடுகளில் இதன் நிலை

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1970களிலிருந்து பாராலீகல் படிப்புகளை ஆய்வு செய்து ஒப்புதல் அளித்து வருகிறது. ஆயினும் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இப்பணிக்குக் கட்டாய உரிமம் இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் 'பாராலீகல்' என்ற பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதைச் சட்டத்தால் வரையறுத்துள்ளன.

தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ நகரம் அமைந்துள்ள கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே 2007 முதல் பாராலீகல் பணிக்கு மாகாணச் சட்டச் சங்கத்தின் உரிமம் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, உரிமத் தேர்வில் தேறியவர், சிறு தொகை வழக்கு நீதிமன்றம், போக்குவரத்துக் குற்ற வழக்குகள், வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்கும் வாரியம் ஆகியவற்றில் கட்சிக்காரருக்காகத் தாமே வாதாடலாம். இவ்வாறு, ஒரே பெயருள்ள படிப்பு எந்த உரிமையைத் தரும் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்கிறது.

இந்தியச் சட்டம் கூறுவது

இந்தியாவில் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் உரிமை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞராகப் பதிவு செய்தவருக்கு மட்டுமே உரியது. ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் வழக்கறிஞர் அல்லாதவரை முன்னிலையாக அனுமதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அது தொழில் செய்யும் உரிமை ஆகாது. தகுதியின்றித் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு இடமளிக்கிறது.

வழக்கறிஞராக விரும்புபவர் பிளஸ் டூ முடித்தபின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பையோ, ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டு எல்எல்.பி. படிப்பையோ கல்லூரிக்கு நேரில் சென்று படிக்க வேண்டும். அகில இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் வகுப்பு வருகையைக் கட்டாயமாக்குகின்றன. இணையவழியில் பெறும் எந்தச் சட்டப் பட்டத்தைக் கொண்டும் இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது.

இதே விதிகளில் மாணவர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உள்ளது. பிளஸ் டூ முடித்து, முதல் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் பெற்றவர் மூன்றாண்டு எல்எல்.பி.யில் சேரலாம். ஆனால் அடிப்படைக் கல்வித் தகுதி எதுவும் இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் சேர இயலாது. இளம் வயதில் தறிக்குச் சென்றதால் பள்ளியை இடையில் நிறுத்தியவர்கள், பட்டப் படிப்பைத் தொடங்கும் முன்னர்ப் பிளஸ் டூ தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறுவது இக்காரணத்தால் முக்கியமாகிறது. அவ்வாறு செய்தால் பிற்காலத்தில் சட்டக் கல்லூரியின் கதவு அடைபடாது.

சட்டம் சார் தன்னார்வத் தொண்டர்

ஏழ்மை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது எனக் கூறும் 39ஏ உறுப்பு, 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாக இந்திய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதனைச் செயற்படுத்த இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் முதலியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

இந்த உதவி இருப்பதை மக்களுக்குத் தெரிவிக்கவும், அவர்களை உரிய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லவும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் தன்னார்வத் தொண்டர் திட்டத்தைத் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் நலம். சட்டப் பட்டம் தேவையில்லை. ஆசிரியர், ஓய்வு பெற்றோர், மாணவர், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் எனப் பலரும் சேரலாம். தேர்ந்தெடுக்கப்படுவோருக்குப் பயிற்சி இலவசமாக அளிக்கப்படும். பணி செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. அது மாதச் சம்பளம் அன்று. உதவி பெறுபவரிடம் தொண்டர் பணம் வாங்கக் கூடாது.

காஞ்சிபுரத்தில் இதன் தேவை

காஞ்சிபுரம் போன்ற ஊரில் சட்ட அறிவு பெரும்பாலும் 'எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்' என்ற கேள்விக்கு விடை சொல்லப் பயன்படுகிறது. பின்வருவன சில எடுத்துக்காட்டுகள்.

முன்பணம்: தறி நெய்பவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது பழைய வழக்கம். அந்தக் கடனைக் காட்டி வேறிடத்தில் வேலை செய்யவிடாமல் ஒருவரைத் தடுத்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அத்தகைய கடன் சட்டப்படி செல்லாது. புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ அளிக்கலாம்.

சிறுவர் உழைப்பு: கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருப்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ள ஓர் உதவியாள் உட்காருவார். அந்த இடத்தில் முன்பு சிறுவர்கள் உட்கார்ந்தது உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பின், 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகத் தம் சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. பிறர் வீட்டுத் தறிக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

கூட்டுறவுச் சங்கம்: சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே சங்க நடவடிக்கை தொடர்பாக எழும் தகராறு, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்ல வேண்டும். நேரே உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்றால் காலமும் பணமும் வீணாகும்.

போலிப் பட்டு: காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட சேலை வகைகளை விசைத்தறியில் நெய்வது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி குற்றம். நெசவாளர் புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டால், போலிகளுக்கு எதிராக நடவடிக்கை கோரும் நிலை அவருக்குக் கிடைக்கும்.

கோயில் மனை: கோயில் நகரமாகிய இங்கே கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் குடியிருப்போரும் உண்டு. அவற்றின் வாடகை நிர்ணயம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றை 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் ஆள்கிறது. முதலில் அணுக வேண்டியவர்கள் அத்துறையின் அலுவலர்களே.

எந்தப் படிப்பு யாருக்கு?

நீதிமன்றத்தில் வாதாட விரும்புபவருக்குச் சட்டக் கல்லூரி ஒன்றே வழி. காஞ்சிபுரத்து மாணவருக்குச் செங்கல்பட்டு அரசு சட்டக் கல்லூரி, 2018இல் சென்னையிலிருந்து மாற்றப்பட்ட புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிகள் ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன.

வழக்கறிஞர் அலுவலகத்திலோ நிறுவனத்தின் சட்டப் பிரிவிலோ உதவியாளர் வேலை தேடுபவருக்குப் பட்டயப் படிப்புப் பயன்படும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாராலீகல் நடைமுறையில் ஓராண்டுப் பட்டயத்தை உருவாக்கியுள்ளது. இத்துடன் தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் இரு மொழியிலும் மனு வரையும் பழக்கமும் சேர்ந்தால் வேலைவாய்ப்புக் கூடும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணையவழிப் பட்டம் அந்த நாட்டின் சட்டத்தையே கற்பிக்கும். வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு ஆவணப் பணி செய்து தரும் நிறுவனங்களில் வேலை தேடுபவருக்கு அது உதவலாம். காஞ்சிபுரம் நீதிமன்ற வளாகத்தில் அதன் பயன் மிகக் குறைவு.

ஊராருக்கு உதவுவது மட்டுமே நோக்கம் எனில், கட்டணம் செலுத்தத் தேவையில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு தொண்டர் தேர்வுக்கு அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்கலாம்.

சேருமுன் சரிபார்க்க வேண்டியவை

1. அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி அளித்துள்ளதா என அதன் இணையதளத்தில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பதால் அதன் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

2. 'வழக்கறிஞர் ஆகலாம்' என்று விளம்பரம் கூறினால், பார் கவுன்சில் அங்கீகாரத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

3. பாடத்திட்டம் புதியதா எனப் பார்க்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய சட்டங்களை மட்டும் கற்பிக்கும் படிப்பு அன்றாட வேலைக்குப் போதாது.

4. வெளிநாட்டுப் பட்டம் எனில், இந்தியாவில் அதற்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்னரே உறுதி செய்ய வேண்டும்.

5. கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதிகளைப் படித்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சட்ட உதவி தேவைப்படுவோரும் தொண்டராக விரும்புவோரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணிலும் சட்ட உதவி குறித்து விசாரிக்கலாம்.