வெஸ்ட்மன் தீவுகளின் உதைபந்தாட்டக் கழகம்

உதைபந்தாட்டப் போட்டிகளில் வெற்றி பெறுவது பெருநகரங்களுக்கே உரியது என்பது பலரது எண்ணம். மக்கட்டொகை மிகுந்த இடத்தில் ஆட்டக்காரர் பலர் தோன்றுவர். பொருள் மிகுந்த இடத்தில் அவருட் சிறந்தோர் வந்து சேர்வர். இவ்வெண்ணம் பெரும்பாலும் மெய்யே. ஆயினும், ஏறக்குறைய 4,500 மக்கள் மாத்திரம் வாழும் தீவொன்றின் கழகம் தன் நாட்டின் முதற்பிரிவுப் பட்டத்தை மும்முறையும், தேசியக் கிண்ணத்தை ஐம்முறையும் வென்றுள்ளது. ஐ.பி.வி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் அக்கழகம் ஐசுலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வெஸ்ட்மன் தீவுகளுக்கு உரியது. இச்சிறு தீவு எங்ஙனம் இந்நிலையை எய்தியது என்பது ஆராயத்தக்கது.

வெஸ்ட்மன் தீவுகள் எரிமலைகளாற் பிறந்தவை. அக்கூட்டத்திற் பதினைந்தளவிலான தீவுகள் உளவெனினும் மக்கள் குடியிருப்பது ஹெய்மாயி என்னும் ஒன்றில் மட்டுமே. அதன் பரப்பு ஏறக்குறைய 13 சதுர கிலோமீற்றர். மீன்பிடியே அம்மக்களின் முதற்றொழில். காற்று ஓயாது வீசும் அத்தீவில், செங்குத்தான பாறைகளின் அடியிலே ஹாஸ்தெய்ன் மைதானம் அமைந்துள்ளது. அங்கு ஆடவரும் குழுவும் கடலைக் கடந்தே வரல் வேண்டும். தீவின் குழு வெளியே ஆடச் செல்லும்போதும் அவ்வாறே. 2010 ஆம் ஆண்டிற் புதிய துறைமுகமொன்று எதிர்க்கரையில் திறக்கப்படுமுன், படகுப் பயணத்திற்கு மூன்று மணி நேரமளவு சென்றது. இன்று நாற்பது நிமிடம் போதும். எனினும் கடல் கொந்தளிக்குங் காலத்திற் பழைய நெடுவழியே துணையாகின்றது.

ஐசுலாந்தின் தேசியச் சுற்றுப்போட்டி 1912 ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்தபோது அதிற் கலந்துகொண்ட கழகங்கள் மூன்றே. இரண்டு தலைநகராகிய றேக்கியவிக்கைச் சேர்ந்தவை. மூன்றாவது வெஸ்ட்மன் தீவுகளின் குழு. தீவினர் முதலாட்டத்துடன் போட்டியினின்றும் விலக நேர்ந்தது. ஆயினும் நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றின் முதலேட்டிலேயே அவர்கள் பெயர் இடம்பெற்றுவிட்டது.

அதன்பின் தீவுக்குள்ளேயே இரு கழகங்கள் எழுந்தன. 1913 இல் ‘தோர்’ என்பதும், 1921 இல் ‘தீர்’ என்பதும் நிறுவப்பெற்றன. இரண்டும் வடபுலத்தாரின் பழைய தெய்வங்களின் பெயர்கள். ஒரு குடும்பம் தோரைச் சார்ந்தால் அயற்குடும்பம் தீரைச் சார்ந்திருக்கும். சிறுவர் பந்துதைக்கத் தொடங்கும் பருவத்திலேயே இப்போட்டி அவர்களைப் பற்றிக்கொண்டது. ஆயினும் வெளியார்க்கு எதிரே ஆடுங்கால் இரு கழகத்தாரும் ஒரே குழுவாக நின்றனர். 1945 இல் நிறுவப்பட்ட விளையாட்டுக் கழகங்களின் ஒன்றியமே இதற்குக் கருவியாயிற்று, ஐ.பி.வி. என்பது அவ்வொன்றியத்தின் பெயர்ச் சுருக்கமே. உள்ளே போட்டி, வெளியே ஒற்றுமை என்னும் இவ்வமைப்பு தீவின் ஆட்டத்திறனை வளர்த்த முதற்காரணம் எனலாம். தனித்து நிற்கும் ஒரு சிறு கழகத்திற்கு ஆண்டு முழுவதும் தக்க எதிரியைத் தேடிக்கொள்ளுதல் அரிது. இத்தீவினர்க்கோ அவ்வெதிரி அடுத்த தெருவிலேயே இருந்தான்.

இதன் பயன் 1968 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு தேசியக் கிண்ணம் முதன்முறையாகத் தீவுக்கு வந்தது. 1972 இல் மீண்டும் அதனை வென்ற கழகம், அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் போட்டியில் ஆடும் உரிமையையும் பெற்றது. அப்போட்டி தொடங்குமுன் தீவே அழிவின் விளிம்பை அடைந்தது.

1973 ஆம் ஆண்டு சனவரி 23 ஆந் திகதி, நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில், ஊரின் கிழக்கெல்லையில் நிலம் பிளந்து தீக்குழம்பு பீறிட்டது. முன்னாளிற் புயல் வீசியமையால் மீன்பிடிப் படகுகள் யாவும் துறைமுகத்திலேயே கட்டப்பட்டிருந்தன. அதனால் ஏறக்குறைய 5,300 மக்கள் சில மணி நேரத்திற் பெருநிலத்தை அடைய முடிந்தது. நானூறளவிலான வீடுகள் குழம்பினாலும் சாம்பலினாலும் அழிந்தன. துறைமுகத்தின் வாயில் அடைபட்டுப்போகுமென அஞ்சியோர், கடல்நீரை மாதக்கணக்கிற் குழம்பின்மீது பாய்ச்சி அதன் போக்கைத் தணித்தனர். யூலைத் தொடக்கத்தில் வெடிப்பு ஓய்ந்தபோது, நெருப்புமலை எனப் பொருள்படும் எல்டுபெல் என்னும் புதிய மலை ஊருக்கருகே நின்றது.

ஐசுலாந்தில் உதைபந்தாட்டப் பருவம் கோடையிலேயே நடைபெறும். அவ்வாண்டுப் பருவம் தொடங்கியபோது எரிமலை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஆட்டக்காரரும் அவர்தம் குடும்பத்தாரும் பெருநிலத்தின் பல ஊர்களிற் சிதறி வாழ்ந்தனர். சொந்த மைதானம் எட்டாத் தொலைவில் இருந்தது. குழுவைக் கலைத்துவிட்டு ஆட்டக்காரர் வேறு கழகங்களிற் சேர்ந்திருப்பின் எவரும் அவரைக் குறை கூறியிரார். ஆயினும் ஐ.பி.வி. முதற்பிரிவிலே தன் பெயரால் ஆடியது. தன் மைதான ஆட்டங்களையும் பிறர் மண்ணிலே நடத்தியது. இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் பொறூசியா மொன்ஷன்கிளட்பக் கழகத்தை எதிர்த்து 0-7, 1-9 என்னும் கணக்கில் இரு ஆட்டங்களிலும் தோற்றது. எண்களை மட்டும் நோக்குவார்க்கு இஃது இழிவான தோல்வி. ஆனால் அவ்வேளையில் வெஸ்ட்மன் தீவினர் என்று கூடி நிற்பதற்கு மக்களுக்கு ஊரோ தெருவோ இல்லை. சிதறிய ஊரவர் ஓரிடத்திற் கூடித் தம் ஊர்ப்பெயரை உரக்கச் சொல்ல இடந்தந்தது அக்குழுவே.

பின்னர் மக்களுட் பெரும்பாலோர் தீவுக்கு மீண்டனர். அகற்றிய சாம்பலைக்கொண்டு விமான ஓடுபாதையை நீட்டினர். ஆறாத குழம்பின் வெப்பத்தால் வீடுகளைச் சூடாக்கினர். எரிமலை வெடித்த ஆறாம் ஆண்டாகிய 1979 இல் கழகம் முதற்பிரிவுப் பட்டத்தை முதன்முறையாக வென்றது. 1981 இற் கிண்ணமும் மீண்டும் வந்தது.

மக்கட்டொகை குறைந்த நிலையில் இரு கழகங்களையும் தனித்தனியே நடத்துதல் வரவரக் கடினமாயிற்று. 1996 இல் தோரும் தீரும் தம் நெடுநாட் பகையை முடித்து ஒரே கழகமாக இணைந்தன. 1997 இற் பட்டமும், 1998 இற் பட்டத்துடன் கிண்ணமும் தீவுக்குக் கிட்டின. இவ்வெற்றிகளை இணைப்பின் விளைவென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. பிரிந்து போட்டியிட்ட காலத்தில் உருவான ஆட்டக்காரரே இணைந்த காலத்தின் பயனையும் பெற்றுத் தந்தனர்.

கழகத்தின் பொருள்வளமும் தீவின் பழைய வழக்கத்தோடு பிணைந்தது. 1874 இல் ஐசுலாந்தின் ஆயிரமாண்டுக் குடியேற்ற விழாவுக்குக் கடற்கொந்தளிப்பினாற் செல்லவியலாத தீவினர், தம் தீவிலேயே தேசிய விழாவைக் கொண்டாடினர். ஆகஸ்ட் தொடக்கத்தில் நிகழும் அவ்விழாவை இன்று நடத்துவது ஐ.பி.வி. கழகமே. பெருநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். அவ்வருவாய் கழகத்தைத் தாங்குகின்றது.

சிறந்த ஆட்டக்காரரைத் தீவு நெடுங்காலம் தன்னிடத்தே வைத்திருக்க இயலாது. எரிமலை வெடித்த 1973 ஆம் ஆண்டிலேயே ஆஸ்கேர் சிகுர்வின்சன் என்னும் இளைஞர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் கழகத்திற்குச் சென்றார். 1984 இல் ஸ்ருட்காட் கழகத்துடன் ஜெர்மன் பட்டத்தை வென்றார். அத்தீவின் பல் வைத்தியராகிய ஹெய்மிர் ஹால்கிரிம்சன், கழகத்தின் பயிற்றுநராக இருந்து பின் தேசியக் குழுவுக்குச் சென்று, 2018 இல் ஐசுலாந்தை உலகக்கிண்ணப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 2017 இல் ஐ.பி.வி.யின் ஆடவர் குழுவும் மகளிர் குழுவும் ஒரே ஆண்டில் தத்தம் தேசியக் கிண்ணங்களை வென்றமையும் குறிப்பிடத்தக்கது.

வெற்றியே தொடர்ந்ததெனக் கருதலாகாது. 2019 இலும் 2023 இலும் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. இருமுறையும் மீண்டும் ஏறியது. சிறிய ஊரின் கழகத்திற்கு இவ்வேற்றவிறக்கம் இயல்பே. பெருநகரக் கழகமொன்று தோற்பின் அந்நகரில் வேறு கழகங்கள் உண்டு. இத்தீவுக்கோ இஃதே முதன்மைக் கழகம். ஆகவே அதன் மக்கள் பட்டங்களை எண்ணுமுன், ஒவ்வோராண்டும் தம் குழு களமிறங்குகின்றதா என்பதையே நோக்குவர். 1973 இல் அவர்கள் கற்ற பாடமும் அதுவே.