கறி மட்டும் சாப்பிட்டால் உடம்பு ஏறுமா?

“அம்மா, எனக்கு இட்லி வேண்டாம். ஆறு முட்டை அவிச்சு வை. மதியம் சோறும் வேண்டாம், கறி மட்டும் போதும்!”

ஜிம்முக்குப் போகும் பையன் இருக்கிற பல வீடுகளில் இப்போது இந்த வசனம்தான். ‘கார்னிவோர் டயட்’ என்கிறார்கள். கறி, மீன், முட்டை, கொழுப்பு, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். சோறு, பருப்பு, காய், பழம் எதற்கும் இடமில்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஷான் பேக்கர் 2019-ல் இதே பெயரில் புத்தகமே எழுதினார்.

பச்சை ஈரல் தின்று காட்டி, பாறை போன்ற உடம்போடு யூடியூபில் வலம் வந்த ‘லிவர் கிங்’கை உங்கள் பையனும் பார்த்திருப்பான். அந்த உடம்புக்குப் பின்னால் ஸ்டீராய்டு இருந்ததை 2022 டிசம்பரில் அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள்.

அதற்காகக் கறியைக் குறை சொல்ல முடியாது. தசை வளரத் தேவையான தரமான புரதம், இரும்பு, துத்தநாகம், பி12, கிரியேட்டின் எல்லாம் அதில் இருக்கின்றன. பிரச்னை ‘மட்டும்’ என்ற சொல்லில்தான்.

எடை தூக்கும்போது தசைக்கு எரிபொருள் வேண்டும். முதல் சில விநாடிகளுக்குக் கிரியேட்டின் கைகொடுக்கும். எட்டு, பத்து முறை தூக்கி, அதையே நாலைந்து செட் செய்யும்போது தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் கரையும். அதை வேகமாக நிரப்புவது சோறும் கிழங்கும் பழமும்தான். கல்லீரல் புரதத்திலிருந்தும் சர்க்கரை தயாரிக்கும். ஆனால், வேகம் போதாது. மாவுச்சத்தை விட்ட முதல் வாரங்களில் ‘பழைய வெயிட் தூக்க முடியலை’ என்று பலர் புலம்புவது இதனால்தான்.

1928-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. ஆர்க்டிக் பயணி ஸ்டெஃபான்சனும் அவர் நண்பரும் ஓராண்டு கறி மட்டுமே சாப்பிட்டார்கள். கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது சில நாள்களிலேயே ஸ்டெஃபான்சனுக்கு வயிற்றுப்போக்கு. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானது. இருவரும் நலமாகவே ஆண்டை முடித்தார்கள். ஆனால், அவர்கள் பளு தூக்குபவர்கள் அல்ல. தோல் நீக்கிய சிக்கனை மட்டும் தின்னும் நம் பையன்கள் அந்த வயிற்றுப்போக்கு சமாசாரத்தைக் கவனிக்க வேண்டும்.

நிஜமான பலசாலிகள் என்ன சாப்பிடுகிறார்கள்? ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020-ல் 501 கிலோவைத் தரையிலிருந்து தூக்கியவர். அவர் பின்பற்றிய ‘வெர்டிகல் டயட்’டின் இரு தூண்கள் மாட்டிறைச்சியும், வெள்ளைச் சோறும். ஆமாம், நம்ம சோறுதான்!

கறியில் நார்ச்சத்து அறவே இல்லை; மலச்சிக்கல் வரலாம். கொழுப்பான கறியையே நம்பினால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கிடுகிடுவென ஏறும். குடும்பத்தில் மாரடைப்பு, சிறுநீரகப் பிரச்னை இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

தசை வளர்ப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 70 கிலோ பையனுக்கு 112 கிராம். நான்கு முட்டையில் 24, சமைத்த சிக்கன் 200 கிராமில் 60. மிச்சத்தைச் சோறு, பருப்பு, பால், தயிர் பார்த்துக்கொள்ளும். மட்டன் விற்கும் விலையில் வீட்டு பட்ஜெட்டும் பிழைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அவன் பிடிவாதம் பிடித்தால், தொடங்கும் முன்பும் இரண்டு மாதம் கழித்தும் கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தசை அதிகம் உள்ளவர்களுக்கும் கறி சாப்பிட்டவர்களுக்கும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். எனவே, ஜிம் விஷயத்தையும் டயட்டையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.