கானமயிலுக்கு நிலம் எங்கே?

புது தில்லி: ஒரு பறவையைக் காப்பதற்காகத் தொடரப்பட்ட வழக்கில், 2021 முதல் 2025 வரை மூன்று முக்கிய உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் பிறப்பித்துள்ளது. இனப்பெருக்க மையங்களில் குஞ்சுகளும் பெருகி வருகின்றன. ஆனால், அவை வளர்ந்த பின் பறந்து திரிவதற்கான புல்வெளி எஞ்சியிருக்குமா என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

தமிழில் கானமயில் எனப்படும் இப் பறவை, 15 கிலோ வரை எடையுள்ளது. ஒரு காலத்தில் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப் பறவையியலாளர் சலீம் அலியால் பரிந்துரைக்கப்பட்டது. 1963-இல் அந்தப் பெருமை மயிலுக்குச் சென்றது. 1969-இல் ஏறத்தாழ 1,260 எனக் கணக்கிடப்பட்ட கானமயில்களின் எண்ணிக்கை, இப்போது சுமார் 150 ஆகச் சுருங்கிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் உள்ளன. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், 2011-இல் இதை அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனமாக அறிவித்தது.

மின் கம்பியும் மின் தேவையும்

வேட்டை, இந்திரா காந்தி கால்வாயால் பெருகிய பாசன வேளாண்மை, முட்டைகளைத் தின்னும் நாய்கள் எனக் காரணங்கள் பல. தரையில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவைக்கு ஒவ்வோர் இழப்பும் பேரிழப்பே. கடந்த 20 ஆண்டுகளில் இவற்றுடன் மின் கம்பிகளும் சேர்ந்துகொண்டன. கானமயிலுக்கு நேர் எதிரே உள்ளதைக் காணும் திறன் குறைவு. கனத்த உடலைச் சட்டெனத் திருப்பவும் இயலாது. தார் பாலைவனத்தில் ஆண்டுக்கு 18 கானமயில்கள் கம்பிகளில் மோதி இறக்கக்கூடும் என இந்திய வன உயிரின நிறுவனம் மதிப்பிட்டது.

முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் 2019-இல் தொடர்ந்த வழக்கில், 2021 ஏப்ரல் 19-இல் உச்ச நீதிமன்றம், கானமயிலின் வாழிடங்களில் மின் தடங்களை நிலத்துக்கு அடியில் கொண்டு செல்ல உத்தரவிட்டது. சுமார் 99 ஆயிரம் சதுர கி.மீ. பரப்பு இதன் வரம்புக்குள் வந்தது. உயர் அழுத்தத் தடங்களைப் புதைப்பது தொழில்நுட்ப ரீதியாக இயலாது என்றும், 2030-க்குள் 500 ஜிகாவாட் மாசற்ற மின் உற்பத்தித் திறனை எட்டும் இலக்கு பாதிக்கப்படும் என்றும் மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச் 21-இல் முந்தைய உத்தரவைத் தளர்த்திய நீதிமன்றம், நிபுணர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாக்கப்படுவதும் அடிப்படை உரிமையே என்று அப்போது அறிவித்தது.

குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 2025 டிசம்பர் 19-இல் வழங்கப்பட்ட தீர்ப்பின்படி, ராஜஸ்தானில் 14,013 சதுர கி.மீ., குஜராத்தில் 740 சதுர கி.மீ. முன்னுரிமைப் பகுதிகளாகும். அங்கு புதிய காற்றாலைகளுக்கும், 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சூரிய மின் நிலையங்களுக்கும் அனுமதி இல்லை.

"தரிசு' என்னும் பெயர்

கானமயிலின் சிக்கல் மின் கம்பியோடு முடிந்துவிடவில்லை. காட்டுக்குச் சட்டம் உண்டு. வயலுக்குப் பட்டா உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட புல்வெளியோ வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பெரும்பாலும் "தரிசு' என்றே குறிக்கப்படுகிறது. பயனற்றதெனக் கருதப்படும் நிலமே மின் நிலையங்களுக்கு முதலில் ஒதுக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக ஜெய்சல்மேர் கிராம மக்கள் தெய்வத்தின் பெயரால் காத்து வந்த "ஓரண்' எனப்படும் மேய்ச்சல் நிலங்களும் இதற்கு விலக்கல்ல. ராஜஸ்தானில் இத்தகைய புனித வனங்களை அளந்து, காடுகளாக அறிவிக்க உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18-இல் உத்தரவிட்டது.

மக்களை ஒதுக்கிவிட்டுப் பறவையைக் காக்க முடியாது என்பதற்கும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981-இல் கானமயில் சரணாலயம் அமைக்கப்பட்டது. தங்கள் நிலத்தை விற்கவும் முடியாமல் தவித்த கிராமத்தினர் அதை எதிர்த்தனர். பறவைகள் மறைந்தன, 2022-இல் சரணாலய அறிவிப்பும் ரத்தானது. மானாவாரி வயல்களில் முட்டையிடும் வரகுக்கோழியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ராஜஸ்தானின் அஜ்மீர் பகுதியில் அதன் எதிர்காலம் விவசாயிகளின் ஒத்துழைப்பையே நம்பியுள்ளது.

ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சம், ராம்தேவ்ரா மையங்களில் 60-க்கும் மேற்பட்ட கானமயில்கள் வளர்க்கப்படுகின்றன. 2024-இல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பொரிந்தது. இவை வெளியே விடப்படும்போது, கம்பிகளும் நாய்களும் இல்லாத புல்வெளி தேவை.

தேசிய மேய்ச்சல் கொள்கை ஒன்றை வகுக்கத் திட்டக் குழுவின் பணிக்குழு 2006-இலேயே பரிந்துரைத்தது. திட்டக் குழுவே கலைக்கப்பட்டுவிட்டது. கொள்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எந்த இடத்தில் மின் கம்பி கூடாது என்பதை நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து விடுவிக்கும் பொறுப்பு, நாடாளுமன்றத்துக்கும் மாநில அரசுகளுக்கும் உரியது.